பூங்காவுக்கு வாசல் எந்தப் பக்கம்?

தருமபுரிப் பக்கம் ஒரு நகரப் பூங்காவை மாற்றி அமைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எந்தப் பூங்கா என்று நான் பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு பூங்காவை விட்டுவிட்டு யார் எந்தத் தெரு என்று போய்விடும். அமைப்பு இதுதான்: கிழக்கே மனை போட்டு விற்ற ஒரு நகர், அதில் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கிராமத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு இங்கே வீடு கட்டிக்கொண்டவர்கள். மேற்கே, அந்த நகர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே இருக்கிற காலனி. நடுவில் பூங்கா. வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் கிழக்கே. காலனியில் இருந்து ஒரு குழந்தை ஊஞ்சலாட வர வேண்டுமென்றால் லாரி ஓடுகிற மெயின் ரோட்டில் இறங்கி, சுற்றி வந்து, நகருக்குள் இரண்டு தெரு நடந்து, 'யார் வீட்டுப் பிள்ளை இது' என்கிற பார்வையையும் தாண்டி வர வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது சாதி. அதைச் சுற்றி வளைத்துப் பேசினால் இந்தப் பூங்காவுக்கு வந்த யோசனைகளை ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு எரிந்தன. அந்த மாவட்டத்தில்தான் நாம் பூங்கா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் இரண்டு பக்கத்துப் பையன்களும் திங்கட்கிழமை விடியற்காலை ஒரே பஸ்ஸில் ஒசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள், ஒரே சீட்டில் தோளில் சாய்ந்து தூங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தெருமுனை. அவர்கள் ஒன்றாக உட்கார ஊருக்குள் இடமே இல்லை என்பதுதான் என் கவலை. அதனால் பூங்காவுக்கு ஒதுக்குகிற பணத்தை எதில் போடுவது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதுவரை காதில் விழுந்த யோசனைகள் நான்கைந்து. முதலில் எல்லோருக்கும் பிடித்தது: அழகுபடுத்துவது. எட்டு வடிவ நடைபாதை, ஓப்பன் ஜிம், பேவர் பிளாக், நீரூற்று, வாசலில் ஊர்ப் பெயரை வண்ண எழுத்தில் வைத்து ஒரு செல்ஃபி பாயின்ட், சுற்றிலும் உயரமான காம்பவுண்டு சுவர். எஸ்டிமேட் போடுவது சுலபம், திறப்பு விழாப் போட்டோவும் நன்றாக வரும். எட்டு நடையை நான் குறை சொல்ல மாட்டேன், சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் எங்கே ஒன்றாக உட்காரும் என்ற நம் கேள்விக்கு இது பதிலே ஆகாது. காலையில் கிழக்கே இருந்து வருகிறவர்கள் வருவார்கள், நடப்பார்கள், போவார்கள். மேற்கே இருக்கிறவர்களுக்குச் சுவர் இன்னும் இரண்டடி உயரும், அவ்வளவுதான்.

அந்த உயரச் சுவர் பாதுகாப்புக்கு என்று சொல்கிறார்கள். நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா உண்டு. உயரமான செடிவேலியும் வெளியில் இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத அமைப்பும் இருந்ததால் ஒரு காலத்தில் அது போதை விற்கிறவர்களின் இடமாக இருந்தது. செடிவேலியை எடுத்து, வழிகளை அகலப்படுத்தி, நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992-ல் மறுபடி திறந்தார்கள். இன்று அந்த நகரத்தில் மக்கள் அதிகமாக வந்து உட்காரும் இடங்களில் அது ஒன்று. தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரிந்தால் பயம் குறையும், மறைத்துக் கட்டினால் கூடும். நம் ஊரில் நாற்காலியை வெளியே போட்டுவிட்டு வர முடியாது என்று சொல்வார்கள், சரி, சிமென்ட் பெஞ்சே போடலாம். ஆனால் எல்லா பெஞ்சையும் சுவரைப் பார்த்து வரிசையாகப் போடாமல், புளியமரத்தைச் சுற்றி ஒரு திண்ணையாகக் கட்டினால் இரண்டு குடும்பம் உட்கார்ந்தாலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது யோசனை, பிரச்சினையே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுடையது: பூங்காவை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதிக்குத் தனி வாசல், தனி ஊஞ்சல், தனி விளக்கு. 'அவங்களுக்கும் ஒரு இடம் கிடைச்சுடும், யாரும் யாரோடும் மோத வேண்டாம்' என்கிறார்கள். சொல்கிறவர்களில் சிலர் நிஜமாகவே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், காலனியிலும் இதற்கு ஆதரவு உண்டு. முறைத்துப் பார்க்காத ஒரு இடமாவது மிஞ்சுமே என்ற ஆதங்கம் அது. அதைப் புரிந்துகொள்கிறேன், ஆனாலும் இதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் அலெக்சாண்ட்ரா பார்க் என்ற பூங்கா இருக்கிறது. ஒரு பக்கம் கத்தோலிக்கர்கள், மறுபக்கம் புராட்டஸ்டன்டுகள். கல்லெறிதலும் சண்டையும் தாங்காமல் 1994-ல் பூங்காவின் நடுவிலேயே தகரத்தில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்து, அதுவும் பகல் நேரத்தில் மட்டும் திறக்க, 2011 ஆகிவிட்டது. பதினேழு வருடம். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துப் பிள்ளையின் முகம் தெரியாமலே வளர்ந்துவிட்டார்கள். சுவர் கட்ட ஒரு வாரம் போதும், எடுக்கிறபோதுதான் அதன் விலை தெரிகிறது. இதற்கு அயர்லாந்து வரைக்கும் போகக்கூட வேண்டாம், மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் இரு சாதித் தரப்புக்கும் நடுவே நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் போலீஸ் காவலோடுதான் இடிக்க முடிந்தது. அரசுப் பணத்திலேயே அப்படி ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிற்பாடு அதை இடிக்க யார் வருவார்கள்?

மூன்றாவது, அடையாளங்களை வைப்பது. இரு தரப்பின் கலை, வழிபாடு, தலைவர்கள் எல்லாவற்றுக்கும் பூங்காவில் ஒரு மூலை. இதற்கு உதாரணமாக கோபன்ஹேகனின் சூப்பர்கிலன் பூங்காவைச் சொல்கிறார்கள். 2012-ல் திறந்தது, சுற்றுவட்டாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள் இருந்ததால் அவரவர் நாட்டில் இருந்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மொராக்கோ நீரூற்று, தாய்லாந்து குத்துச்சண்டை மேடை என்று கொண்டுவந்து வைத்தார்கள். அருமையான வேலைதான். ஆனால் அங்கே ஐம்பது தரப்பு, ஒருவர் வைத்த பொருள் இன்னொருவருக்குப் பழைய காயம் எதையும் நினைவூட்டாது. நம் ஊரில் இரண்டே தரப்பு. அடையாளம் என்றால் கொடிக்கம்பம், சிலை, பெயர்ப் பலகை என்றுதான் வந்து நிற்கும், அப்புறம் யார் சிலை எத்தனை அடி என்று எண்ண ஆரம்பிப்பார்கள். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் எல்லோருக்கும் பொது, தகடூர் என்ற பழைய பெயரும் பொது, சுவரில் ஓவியம் வேண்டுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓவியம் யாரையும் சேர்த்து வைக்காது, கெடுக்காமல் இருந்தால் போதும்.

நான்காவது, விளையாட்டுத் திடல். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் இதை மருந்து மாதிரி சொல்கிறார்கள், பாதி சரி, பாதி ஆபத்து. 'கிரிக்கெட் வைங்க சார், பசங்க தானா சேர்ந்துடுவாங்க' என்பார்கள். தானாகச் சேர மாட்டார்கள். உத்தரப்பிரதேசத்தில் மேத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் 2017-ல் எட்டு கிரிக்கெட் லீக்குகளை நடத்தி இதைச் சோதித்தே பார்த்தார். பல சாதி இளைஞர்களில் சிலரைக் கலப்பு அணியிலும் சிலரை ஒரே சாதி அணியிலும் குலுக்கல் முறையில் போட்டார். வேற்று சாதிக்காரர்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு அந்தச் சாதிகளில் நண்பர்கள் கூடினார்கள், தன் சாதிக்காரனுக்கே முதலிடம் என்ற எண்ணமும் குறைந்தது. வேற்று சாதிக்காரர்களை எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களிடம் விளைவு பெரும்பாலும் எதிர்த்திசையில் இருந்தது. அதாவது, தெருவுக்கு ஒரு டீம் என்று பொங்கலுக்கு டோர்னமென்ட் வைத்து, கிழக்கு ஒரு ஜெர்சி, மேற்கு ஒரு ஜெர்சி என்று மோத விட்டால், நாம் நம் கையாலேயே பிரிவை இறுக்குகிறோம். கபடியில் இன்னும் மோசம், அங்கே ஆளை ஆள் பிடித்து அமுக்க வேண்டும், அவுட்டா இல்லையா என்ற தகராறு எங்கே போய் முடியும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈராக்கில் சல்மா மூசா செய்த கால்பந்து ஆய்வு இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. ஐஎஸ் பயங்கரவாதிகளால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களின் அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். மாதங்கள் கழித்தும் அந்தக் கிறிஸ்தவ வீரர்கள் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள், நல்ல விளையாட்டுப் பண்புக்கான விருதுக்கு வேறு அணி முஸ்லிம் வீரருக்கும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் மொசூல் நகரத்துக்குச் சாப்பிடப் போவது, கலப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போவது போன்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே திடல் வேண்டும், அணிகள் கலந்தே இருக்க வேண்டும், பெயர் கொடுக்கிறவர்களைக் குலுக்கிப் போட்டுத்தான் அணி பிரிக்க வேண்டும். ஆனால் திடலே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நம்பி மொத்த இடத்தையும் அதற்குக் கொடுக்கக் கூடாது.

கொடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பெண் பிள்ளைகள். ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990களில் ஆய்வு செய்து பார்த்தபோது, ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று நின்றுபோவது தெரிந்தது. நடுவில் பெரிய திடல், அதைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெண்கள் ஓரம் தேடி, ஓரமும் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய திடலைச் சிறு சிறு பகுதிகளாக்கி, வாலிபால், பேட்மின்டனுக்கு இடம் விட்டு, நடைபாதையும் வெளிச்சமும் கூட்டியதும் சிறுமிகள் திரும்ப வந்தார்கள். நம் பூங்காவில் இரு தரப்புப் பெண்களையும் ஒன்றாக யோசித்தால், அவர்களுக்கு வேண்டியது ஒரே பட்டியல்தான்: சுத்தமான கழிப்பறை, இருட்டாத மூலைகள், பிள்ளை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார நிழல். நடுவில் ஒரு பெரிய திடலை எழுதி வைத்துவிட்டால் இதெல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

ஐந்தாவது யோசனையை யாரும் பெரிதாகப் பேசவில்லை, நான் இதற்குத்தான் கை தூக்குகிறேன். மேற்கே ஒரு வாசல் திறந்து, கிழக்கு வாசலுக்கும் மேற்கு வாசலுக்கும் நடுவே நேராக ஒரு வழிப்பாதை விடுவது. பூங்காவைப் போய் உட்காரும் இடமாக மட்டும் பார்க்காமல், தினமும் கடந்து போகிற இடமாக ஆக்குவது. பஸ் ஸ்டாப் கிழக்கே இருக்கிறது, ரேஷன் கடையும் அரிசி ஆலையும் மேற்கே. ஒரு பாதை இருந்தால் காலனியில் இருந்து வேலைக்குப் போகிறவர்களும், நகரில் இருந்து ரேஷனுக்குப் போகிறவர்களும் தினம் இரண்டு தடவை ஒருவரை ஒருவர் கடப்பார்கள். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், முதல் வருடம் முகம் பழகினாலே போதும்.

வாசலை எங்கே வைப்பது என்று அதிகாரிகள் வரைபடத்தை விரித்து யோசிக்க வேண்டியதில்லை. மேற்குச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு இடத்தில் மட்டும் சிமென்ட் பூச்சு உதிர்ந்து செங்கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வெளிப்புறம் இரண்டு ஹாலோ பிளாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், உட்புறம் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை, அதன் பட்டையும் கை பட்டுப் பட்டு மினுங்குகிறது. காலனிப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற இடம் அது. கீழே மண் கெட்டியாகி, அங்கிருந்து ஊஞ்சல் வரைக்கும் புல்லில்லாத ஒற்றையடித் தடம் கோடு போட்ட மாதிரி போகிறது. வாசல் அந்த இடத்தில்தான் வர வேண்டும். பிள்ளைகள் எஸ்டிமேட் போட்டு முடித்துவிட்டார்கள், நாம் செய்ய வேண்டியது அந்த நான்கடிச் சுவரை எடுப்பது மட்டும்தான்.

எதிர்ப்பு வரும். 'எங்க நகர் பார்க்கு' என்று நகர்ச் சங்கத்தில் சொல்வார்கள். அங்கேதான் சட்டத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரிய மனைப்பிரிவு போடுகிறபோது, 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். எழுதிக் கொடுத்த பிறகு அது மனை வாங்கியவர்களின் சொத்து கிடையாது, ஊரின் சொத்து. பராமரிப்பு நகர்ச் சங்கத்திடம் இருக்கலாம், பூட்டுகிற உரிமை இருக்க முடியாது. பொதுமக்கள் கூடும் இடங்களில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவே சொல்கிறது. இதைச் சண்டைக்கு இழுக்கிற தொனியில் சொல்ல வேண்டாம், ஆனால் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து சொல்லியே ஆக வேண்டும்.

திருட்டு பயம் என்றும் சொல்வார்கள். அந்தப் பயத்தை வெறும் சாதிப் பேச்சு என்று ஒதுக்கிவிட மாட்டேன், தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு அது நிஜமான பயம். அதற்கு மருந்து வெளிச்சமும் ஆள் நடமாட்டமும். இரண்டு வாசலிலும் விளக்கு, இரண்டு வாசலிலும் தள்ளுவண்டிக்கு இடம். சாயங்காலம் சுண்டல், அவிச்ச கடலை, போண்டா விற்கிறவர்கள் இருக்கிற இடத்தில் இருட்டு வேலை நடக்காது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டப்படியே இடம் ஒதுக்க வழி இருக்கிறது, துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. காலனிப் பெண் ஒருவர் வடை சுட்டு நகர்க்காரர் வாங்கிச் சாப்பிட்டால் அது எந்த ஓவியத்தையும் விடப் பெரிய விஷயம், இங்கே வாழ்கிறவர்களுக்கு அது தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். பூங்காவுக்குள் ஒரு மேல்நிலைத் தொட்டி, அதைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே சீமைக்கருவேலம். கொலம்பியாவின் மெடயீன் நகரத்தில் இப்படிப் பூட்டிக் கிடந்த குடிநீர்த் தொட்டி வளாகங்களின் வேலியை எடுத்து, தொட்டியைச் சுற்றியே நூலகமும் விளையாட்டு இடமும் அமைத்தார்கள். ஏழைகள் வாழும் மேட்டுப் பகுதிகளில் மக்கள் கூடும் இடமாக அவை ஆகிவிட்டன. நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், அதற்காகத்தானே ஜப்பான் நிதியுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தத் தண்ணீருக்கு வழிப்பாதையின் நடுவில், இரு பக்கமும் பிடிக்கிற மாதிரி ஒரு குழாய் வரிசை வைக்கலாம். ஒரே குழாயில் குடம் வைப்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை, அதனாலேயே வைக்க வேண்டும். கூடவே ஒரு சின்ன படிப்பறை, டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு. வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், ஒரே பரீட்சைக்கு ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து படிக்கிறபோது ஏற்படுகிற பழக்கம் கலப்பு கிரிக்கெட் அணியின் பழக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

சேர்ந்து வாழ இடம் கட்டிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. 1997-98ல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று எழுதி வைத்தார்கள். அங்கே அரசு வீட்டையே பக்கத்தில் வைத்தது. நமக்கு வீடு ஏற்கெனவே பக்கத்தில்தான் இருக்கிறது, நடுவில் இருக்கிற சுவரை எடுக்கத்தான் ஆள் இல்லை.

செலவில் எப்படி என்று பார்த்தால், நீரூற்றும் செல்ஃபி பாயின்டும் கேட்கிற முதல் யோசனையைவிட இது மலிவு. வாசல், பாதை, விளக்கு, கழிப்பறை, குழாய், மரத்தடித் திண்ணை, இவ்வளவுதான் முதல் கட்டம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று போட வேண்டும், அந்தப் பங்கை இரண்டு பக்கமும் சேர்ந்து போட்டால் நல்லது. ஆனால் இதில் ஒரு சிக்கலை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்: காலனியில் பணமாகப் போட முடியாதவர்கள் இருப்பார்கள், பணம் கொடுத்தவன் பார்க்கு என்று பேச்சு திரும்பிவிடும். பணத்தை யார் கொடுத்தார்கள் என்று கல்வெட்டில் பெயர் போடவே கூடாது. யார் பெயரும் வேண்டாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், பூங்காவின் இரு பக்கமும் வேறு வேறு வார்டு. ஏரியா சபைக் கூட்டம் அந்தந்த வார்டுக்குத் தனித்தனியாகத்தான் நடக்கும், ஆக கிழக்கில் ஒரு தீர்மானம், மேற்கில் ஒரு தீர்மானம் போட்டு இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். இரண்டு கவுன்சிலர்களும் சேர்ந்து பூங்காவுக்குள்ளேயே ஒரு கூட்டம் போட வேண்டும், டெண்டருக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், வேலைக்குப் போகிறவர்களும் வருகிற நேரத்தில். பராமரிப்புக் குழுவில் பாதிப் பாதி, அதில் பாதி பெண்கள். இரண்டு வாசலின் சாவியும் உள்ளாட்சி ஊழியரிடம், எந்தச் சங்கத்திடமும் இல்லை. கடைசி ஷிப்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் கடந்து போகும்வரை, ராத்திரி பத்து மணி வரைக்கும், இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒன்று மட்டும் மூடியிருக்கிற நிலை ஒரு நாள்கூட வரக்கூடாது.

இரண்டாம் கட்டமாக வாலிபால் கோர்ட்டும் படிப்பறையும் போடலாம். எட்டு நடைபாதைக்கும் இடம் இருக்கிறது, அதைக் கேட்கிறவர்களை விட்டுவிட வேண்டாம், அவர்கள் ஆதரவு இல்லாமல் மேற்கு வாசல் திறக்காது. நீரூற்றை மட்டும் எடுத்துவிடலாம், தருமபுரி வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது ஒத்துவராது. பழைய எஸ்டிமேட்டில் நீரூற்றுக்கு எழுதிய தொகையிலேயே மேற்கு வாசலும் இரண்டு விளக்கும் முடிந்துவிடும் என்று கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பக்கத்தில் இருந்தும் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு அந்த ஒரு மாற்றத்தை மட்டுமாவது மனுவாகக் கொடுங்கள்.